நான் செத்துட்டேன்: வீடியோ கேமில் சாவு என்றால் என்ன?

விளக்கு வைக்கிற நேரம். அக்கா மகன் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு போனில் விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று, "செத்துட்டேன்டா! நான் செத்துட்டேன். என் பாக்ஸ்கிட்ட வராத, அவன் அங்கயே படுத்துருக்கான்" என்று ஹெட்போனில் கத்தினான். சாமி அலமாரியில் திரி போட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாயைக் கழுவுடா. விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுற?" அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கேம்ல, ஆச்சி."

அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. கேமில் சாவது என்றால் என்ன? செத்தவன் எப்படிப் பேசுகிறான்? ஐந்து நிமிடத்தில் எழுந்து மறுபடி ஓடுகிறானே, அப்புறம் எதற்கு அதற்குச் சாவு என்று பெயர்? விளையாடாதவர்களுக்கு இயல்பாக வரும் கேள்விகள்தான். அம்மாவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். அவன் "நான் செத்துட்டேன்" என்றான். திரையில் விழுந்தது ஒரு பொம்மை. "அது செத்துருச்சு" என்றோ "அவன் செத்துட்டான்" என்றோ சொல்லவில்லை. நிஜத்தில் யாரும் முழு அர்த்தத்தோடு சொல்ல முடியாத வாக்கியம் அது. பஸ்ஸில் நின்றே செத்தேன், வெயிலில் செத்தேன் என்றெல்லாம் சொல்வோம், அது வேறு. கேமில் மட்டும் ஒரு நாளைக்கு முப்பது தடவை கூச்சமே இல்லாமல் சொல்லலாம். இந்த 'நான்' எப்போது 'அவன்' ஆகிறது என்பதைக் கவனித்தால் கேம்களில் வரும் சாவைப் பற்றி நிறையப் புரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெட்டுப்பட்ட காய்

அம்மா தாயம் ஆடுவதில் கெட்டிக்காரி. எதிராளியின் காய் இருக்கும் கட்டத்தில் நம் காய் போய் உட்கார்ந்தால் அது வெட்டு. வெட்டுப்பட்ட காய் பலகையை விட்டு வெளியே போகும். தாயம் விழுந்தால்தான் மறுபடி உள்ளே வரலாம். அதுவும் முதல் கட்டத்திலிருந்து. பழம் எடுக்க நான்கு கட்டம் இருக்கும்போது வெட்டுப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அது வந்த தூரம்தான் போயிற்று.

கபடி இன்னும் பொருத்தம். பழைய ஆட்ட முறையில் மூன்று வகை சொல்வார்கள். சஞ்சீவனியில், நம் ஆள் அவுட்டாகி வெளியே உட்காருவார். எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால் நம்மில் ஒருவர் உள்ளே வரலாம். காமினியில் அந்தப் பேச்சே இல்லை. அவுட்டானவர் அணி முழுவதும் அவுட்டாகும்வரை வெளியேதான். அமர் முறையில் அவுட்டானாலும் களத்தைவிட்டு வெளியேற வேண்டாம்; எதிரணிக்குப் புள்ளி மட்டும் போகும். ராமாயணத்துச் சஞ்சீவி மலையிலிருந்து பெயரை எடுத்தவர்களுக்கு அவுட் என்பது ஒரு குட்டிச் சாவு என்று தெரிந்தே இருந்திருக்கிறது. இன்று சர்வதேசப் போட்டிகளில் ஆடுவது சஞ்சீவனியை ஒட்டிய விதிதான். 'ரிவைவ்' என்றுதான் அங்கேயும் சொல்கிறார்கள், என் அக்கா மகன் சொல்வதும் அதே சொல்.

ஆக, ஆட்டத்தில் செத்துப் பிழைப்பது கம்ப்யூட்டர் கொண்டுவந்த விஷயம் இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் தோற்ற இடத்தில் உங்களிடமிருந்து ஏதோ ஒன்றை வாங்கிக்கொள்கிறது. எதை வாங்குகிறது, எவ்வளவு வாங்குகிறது என்பதில்தான் ஒரு கேமின் குணமே இருக்கிறது.

காசு கேட்ட சாவு

ஆரம்பத்தில் அது வாங்கியது நேரடியாகக் காசு. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' மெஷினை வெளியிட்டது. டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. காசு போட்டால் பொதுவாக மூன்று பீரங்கி கிடைக்கும். மூன்றும் வெடித்தால் ஆட்டம் முடிந்தது. மறுபடி காசு போடு. அதற்கு முந்தைய பின்பால் மெஷின்களில் மூன்று பந்து, ஐந்து பந்து என்று கொடுத்த வழக்கத்தின் தொடர்ச்சி இது. கடைக்காரர் கண்ணில் பார்த்தால், ஒருவர் சீக்கிரம் செத்தால்தான் வரிசையில் அடுத்தவர் காசு போடுவார். அதற்காக உடனே சாகடித்தால் யாரும் திரும்ப வர மாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே அளந்து வைக்கப்பட்டதுதான் 'லைஃப்'.

கொஞ்ச நாளில் சாவே பணம் கேட்கும் காட்சியாக மாறியது. தோற்றதும் திரையில் பத்திலிருந்து எண்கள் இறங்கும். பூஜ்யத்துக்குள் காசு போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1988இல் வந்த 'நிஞ்சா கெய்டன்' ஆர்கேட் மெஷினில் அந்தப் பத்து நொடியில் நாயகனை ஒரு பலகையில் கட்டிப்போட்டிருப்பார்கள். மேலேயிருந்து வட்ட ரம்பம் ஒன்று மெதுவாக இறங்கும். 1989இன் 'ஃபைனல் ஃபைட்'டில் வெடிமருந்துக் கட்டும் எரிகிற திரியும். பையில் இன்னொரு நாணயம் இருக்கிற சிறுவன் அந்த ரம்பத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி சும்மா நிற்பான்? பச்சையான வசூல்தான். ஆனால் அந்த வசூலை இவ்வளவு ரசனையோடு செய்தார்களே என்று எனக்கு இன்றைக்கும் ஒரு மரியாதை உண்டு.

சாவைக் காட்டும் விதமும் அப்போதே உருவாகிவிட்டது. 1980இன் 'பேக்-மேன்', நாம்கோ நிறுவனத்தில் டொரு இவாடானி வடிவமைத்தது. பேய் தொட்டதும் எல்லாம் ஒரு கணம் நிற்கும். பேய்கள் மறையும். நம் ஆளான அந்த மஞ்சள் வட்டத்தின் வாய் மேல்பக்கமாகத் திறக்கும். திறந்துகொண்டே போய், விசிறி மடங்குவதுபோல் உடம்பு முழுவதும் மடங்கிக் காணாமல் போகும். கூடவே இறங்கிப் போகும் ஒரு ஓசை. வாயைத் தவிர வேறு உறுப்பே இல்லாத ஒரு ஜீவன், அந்த வாயாலேயே சாகிறது. 1985இன் 'சூப்பர் மாரியோ பிரதர்'ஸில் மாரியோ நம் பக்கம் திரும்பி, ஒரு துள்ளு துள்ளி, தரையை ஊடுருவித் திரைக்குக் கீழே விழுவார். ரத்தம் இல்லை, சடலமும் இல்லை. மேடையிலிருந்து இறங்கிப் போகும் கோமாளிபோல ஒரு வெளியேற்றம், அவ்வளவுதான்.

அதே 1980இல் அடாரியின் 'மிசைல் கமாண்ட்' வேறு மாதிரி. உங்கள் வேலை ஆறு நகரங்களை ஏவுகணைகளிடமிருந்து காப்பது. எப்போதும் தோற்பீர்கள், ஜெயிக்கும் வழியே கிடையாது. கடைசி நகரமும் போனபின் வழக்கமான 'கேம் ஓவர்' வராது. ஒரு பெரிய வெடிப்பும் அதன் மேல் 'தி எண்ட்' என்ற எழுத்தும் வரும். பனிப்போர் காலம். உருவாக்கிய டேவ் தியூரருக்கு அணுகுண்டுக் கனவுகள் வந்து தூக்கம் கெட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த மூன்று லைஃப்

வீட்டு டிவியில் காசு போடும் துவாரம் இல்லை. ஆனாலும் மூன்று லைஃப் என்ற கணக்கு பழக்க தோஷத்தில் வீட்டுக்கும் வந்துவிட்டது. தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்கு இது 'டிவி கேம்' காலம்: மஞ்சள் கேசட், அதன் மேல் நம்பவே முடியாத ஒரு எண்ணிக்கை, உள்ளே திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டு கேம்கள். அதில் கட்டாயம் இருந்தது 'கான்ட்ரா'.

கான்ட்ராவில் ஒரு குண்டு பட்டால் சாவு. ஆள் பின்பக்கமாகக் கரணமடித்து மல்லாந்து விழுவான். விழுந்தவன் மறைந்து, வானத்திலிருந்து இன்னொருவன் குதிப்பான்; சில நொடிகள் மினுக்மினுக்கென்று எரிந்து அணைவான், அதுவரை எந்தக் குண்டும் அவனைத் தொடாது. எங்களுக்கு லைஃப் போனது வருத்தமில்லை. கையிலிருந்த விரிந்து சுடும் துப்பாக்கி போயிற்றே என்பதுதான் வருத்தம். செத்தால் துப்பாக்கி போய்விடும். சாதா துப்பாக்கியோடு அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் அடுத்த இரண்டு லைஃபும் வரிசையாகப் போகும். ஒரு சாவு இன்னும் இரண்டு சாவைக் கூட்டிக்கொண்டு வரும். மூன்றாவது கட்டத்தில் அருவி மேல் ஏற வேண்டும். இரண்டு பேர் ஆடும்போது ஒருவன் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரை அவனோடு மேலே நகரும். கீழே நிற்பவன் திரையின் அடிவிளிம்பில் அகப்பட்டுச் சாவான். எதிரி சுட்டுச் செத்ததைவிட கூட ஆடியவன் ஏறிச் செத்ததற்குத்தான் எங்கள் தெருவில் அதிகச் சண்டை நடந்திருக்கிறது.

அப்புறம் அந்த மந்திரம்: மேலே, மேலே, கீழே, கீழே, இடம், வலம், இடம், வலம், பி, ஏ. தொடக்கத் திரையில் இதைச் சரியாக அழுத்தினால் மூன்று லைஃப் முப்பதாகும். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986இல் 'கிரேடியஸ்' கேமை டிவியில் மாட்டி ஆடும் வீட்டு கன்சோலுக்கு மாற்றியபோது சோதித்துப் பார்க்கவே கஷ்டமாக இருந்ததால் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. அதில் லைஃப் இல்லை, ஆயுதங்கள் கிடைக்கும். முப்பது லைஃப் என்பது கான்ட்ராவில் வந்தது. உருவாக்கியவருக்கே சாகாமல் ஆட முடியவில்லை என்பது, பின்னால் தெரிந்தபோது, மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

லைஃப் என்ற கணக்கு இன்று பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. ஆடிய இடத்தைப் பதிந்துவைக்கும் 'சேவ்' வசதி வந்தது. வழியில் ஆங்காங்கே செக்பாயின்ட் வந்தது. செத்தால் கடைசி செக்பாயின்டிலிருந்து எழுந்து மறுபடி நடக்க வேண்டும். பரமபதத்தில் பாம்பு கடித்தவன் சாவதில்லை, கீழே இறங்குகிறான், அதே கதைதான். இப்போது கேம் வாங்கிக்கொள்வது உங்கள் நேரத்தை. ஒரு சிவப்புச் சதைத்துண்டை நாயகனாக வைத்து 2010இல் வந்த 'சூப்பர் மீட் பாய்' அதையும் குறைத்தது. செத்த கணமே மறுபடி தொடக்கத்தில் நிற்பீர்கள், வருத்தப்பட நேரமில்லை. அந்தக் கட்டத்தை ஒருவழியாக முடித்ததும் நீங்கள் செத்த எல்லா முயற்சிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டும்: நாற்பது சிவப்புச் சதைத்துண்டுகள் ஒன்றாகக் கிளம்பி, வழியெல்லாம் ரம்பத்தில் மோதிச் சிதறி, கடைசியில் ஒன்றே ஒன்று போய்ச் சேரும்.

திரும்பி வராத சாவு

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. 1980 வாக்கில் கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரண்டு மாணவர்கள் 'ரோக்' என்ற கேமை எழுதினார்கள். படமே கிடையாது, கோடுகளாலும் எழுத்துக்களாலும் ஆன சுரங்கம், அதில் '@' என்ற குறிதான் நீங்கள். செத்தால் முடிந்தது. சேவ் செய்துவைத்துத் திரும்ப ஏற்றி ஏமாற்றலாமா என்றால், ஏற்றியதுமே சேவ் கோப்பு அழிந்துவிடும். திரையில் எழுத்துக்களாலேயே வரைந்த ஒரு கல்லறை வரும்: உங்கள் பெயர், சேர்த்த தங்கம், எது கொன்றது என்ற விவரம், ஆண்டு. அடுத்த தடவை சுரங்கமே வேறாக இருக்கும்.

அதன் வழியில் 1987இல் வந்த 'நெட்ஹேக்' எனக்குப் பிடித்த ஒன்றைச் செய்தது. நீங்கள் செத்த தளத்தை அப்படியே அது சேமித்து வைத்துக்கொள்ளக்கூடும். பல நாள் கழித்து வேறொரு ஆளோடு இறங்கி வருகிறீர்கள். ஒரு அறையில் பொருட்கள் குவிந்து கிடக்கின்றன. பார்த்தால் பழைய நீங்கள் சுமந்து வந்த வாளும் கவசமும். பெரும்பாலானவை சாபம் பிடித்துக் கிடக்கும். பக்கத்திலேயே உங்கள் பெயரோடு ஒரு ஆவி, உங்களைத் தாக்க வருகிறது. உங்களைக் கொன்ற பூதமும் அங்கேயே எங்காவது இருக்கும். 'நான்' 'அது'வாக மாறி எதிரே நிற்கிற இடம் இது.

இந்த வகை முழுச் சாவுக்கு இன்று பெர்மாடெத் என்று பெயர். மைன்கிராஃப்டின் ஹார்ட்கோர் முறை அப்படி. சாதாரண மைன்கிராஃப்டில் செத்தால் கையிலிருந்த பொருள் எல்லாம் விழுந்த இடத்தில் சிதறும். ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்குள் ஓடிப் போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். எரிமலைக் குழம்பில் விழுந்தவனைப் பற்றி, இன்னார் லாவாவில் நீந்தப் பார்த்தார் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு அறிவிப்பு வரும். அந்தக் கேலிக்கே பாதி உயிர் போய்விடும்.

ஜப்பானின் 'ஃபயர் எம்பிளம்' வரிசை 1990இல் தொடங்கியது. அதில் நீங்கள் ஒரு சின்னப் படையை நடத்துகிறீர்கள். ஒவ்வொரு வீரனுக்கும் பெயர், முகம், பேச்சு உண்டு. போரில் விழுந்தவன் விழுந்தவன்தான், அடுத்த போருக்கு வரமாட்டான். ஆடியவர்கள் என்ன செய்தார்கள்? யாராவது விழுந்ததும் கன்சோலை அணைத்துவிட்டு அந்தப் போரை முதலிலிருந்து ஆடினார்கள். கேம் மன்னிக்காவிட்டால் ஆடுபவர் ஸ்விட்சைத் தொட்டு மன்னித்துக்கொள்கிறார். 2010இல் வந்த ஒரு பாகத்தில், விழுந்தவர்கள் அடுத்த போருக்குத் திரும்பிவிடும் எளிய முறையையும் சேர்த்தார்கள். பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் எளிய முறையில்தான் ஆடினேன், வெட்கமில்லை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது 2011இன் 'டார்க் சோல்ஸ்'. செத்தால் சிவப்பு எழுத்தில் 'யூ டைட்' என்று திரையை அடைத்துக்கொண்டு வரும். கடைசியாக உட்கார்ந்த தீமூட்டத்தின் அருகே எழுவீர்கள். நீங்கள் கொன்ற சாதாரண எதிரிகளும் உங்களோடு எழுந்துவிடுவார்கள். நீங்கள் சேர்த்த 'சோல்ஸ்' மட்டும் செத்த இடத்திலேயே பச்சையாக மினுங்கிக்கொண்டு கிடக்கும். அதுதான் அங்கே பணம், அதுதான் பலம். திரும்பிப் போய்த் தொட்டால் எல்லாம் கிடைக்கும். போகிற வழியில் மறுபடி செத்தால் பழைய குவியல் நிரந்தரமாகப் போயிற்று.

இதன் விஷமம் ஆடினால்தான் தெரியும். முதல் சாவு ஒன்றையும் எடுத்துக்கொள்வதில்லை, அடகு வைக்கிறது. மீட்கப் போகிற அந்த நடைதான் பயம். ஒருமுறை ஒரு குறுகிய பாலத்தில் ஏகப்பட்ட சோல்ஸோடு விழுந்தேன். திரும்பிப் போகும்போது முதல் தடவை அலட்சியமாகத் தாண்டிய இரண்டு சாதா எலும்புக்கூடுகள் முன்னால் கை நடுங்கியது. குவியலுக்குப் பத்தடி தூரத்தில் அவசரப்பட்டு உருண்டேன். பாலத்துக்கு வெளியே உருண்டுவிட்டேன். போனை எடுத்துச் சும்மா ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு அரை மணி நேரம். அதே கேமில் தரையில் ரத்தக்கறைகள் தென்படும். அவை வேறு வீடுகளில் ஆடுபவர்கள் செத்த இடங்கள். தொட்டால் அவர்களின் கடைசிச் சில நொடிகள் சிவப்பு நிழலாக ஓடும். ஒரு மூலையில் கறைகள் கூட்டமாக இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். முன்னே போனவர்களின் சாவுதான் அந்த ஊரின் வழிகாட்டிப் பலகை.

ஏன் பிழைத்தான் என்று சொல்ல வேண்டாமா?

செத்தவன் எப்படி எழுந்தான் என்று மாரியோவிடம் யாரும் கேட்டதில்லை. கதை சொல்லத் தொடங்கிய கேம்களுக்கு அந்தக் கேள்வி உறுத்தியது. 2002இன் 'ஜிடிஏ வைஸ் சிட்டி'யில் நாயகன் ஆஸ்பத்திரி வாசலில் எழுவான், துப்பாக்கிகளும் கொஞ்சம் பணமும் குறைந்திருக்கும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியவர்களுக்கு அந்த வாசல் நன்றாகவே தெரியும். 2003இன் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' இன்னும் அழகாகச் சமாளித்தது. ஆட்டம் முழுவதும் இளவரசன் நடந்து முடிந்ததை ஒருத்தியிடம் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நீங்கள் பள்ளத்தில் விழுந்தால் அவன் குரல் குறுக்கிடும்: இல்லையில்லை, அப்படி நடக்கவில்லை. உங்கள் சாவு அவன் கதை சொல்வதில் வந்த பிசகு, அவ்வளவே. 2020இன் 'ஹேடீஸ்' கிரேக்கப் பாதாள உலகத்தில் நடக்கிறது. பாதாளத்தின் அதிபதி மகன் சாக்ரியஸ் அங்கிருந்து தப்பப் பார்க்கிறான். செத்தால் எங்கே போவான், வீட்டுக்குத்தான். ரத்தக் குளத்திலிருந்து தலையைத் துடைத்தபடி எழுந்து வருவான். தூக்கத்தின் தெய்வம் வாசலில் பட்டியலோடு நின்று, இன்று எதனிடம் செத்தாய் என்று விசாரிக்கும். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் வீட்டு ஆட்கள் புதிதாக ஏதாவது பேசுவார்கள் என்பதால், சில நாட்களில் சீக்கிரம் செத்தால் தேவலை என்றே தோன்றும்.

2017இன் 'ஹெல்பிளேட்' செய்தது ஒரு மிரட்டல். நாயகி செனுவாவின் கையில் கருப்பு அழுகல் ஒன்று பரவுகிறது. ஒவ்வொரு தோல்விக்கும் அது ஏறும், தலையை எட்டினால் இதுவரை ஆடியது எல்லாம் அழியும் என்று தொடக்கத்திலேயே கேம் எச்சரிக்கும். உண்மையில் அப்படி அழிவதில்லை. வெறும் பேச்சு. ஆனால் மனநோயின் குரல்கள் காதுக்குள் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு பெண்ணோடு நடக்கும்போது, எது உண்மை மிரட்டல் என்று ஆடுபவருக்கும் தெரியாமல் இருப்பது பொருத்தமாகத்தான் இருந்தது.

சாவுக்கு என்ன நிறம்?

சாவை எப்படிக் காட்டுவது என்பதில் அரசாங்கங்களும் தலையிடுகின்றன. இந்தியாவில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று மறுபிறவி எடுத்தபோது குண்டு பட்டால் தெறிப்பது பச்சையாகியிருந்தது. 'கில்' என்ற சொல் போய் 'ஃபினிஷ்' வந்திருந்தது. என் அக்கா மகன் ஆடுவது அதுதான். ஆட்டம் 'முடித்தேன்' என்கிறது, அவன் 'செத்துட்டேன்' என்கிறான். அவன் வாயை எந்தச் சட்டமும் தொடவில்லை, ஆச்சிதான் தொட்டாள்.

சீனாவில் 2019இல் வந்த வடிவம் இதைவிட வினோதம். அங்கே சுடப்பட்டவர் சாவதில்லை. மண்டியிட்டு, தன் பொருட்கள் இருக்கும் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, சுட்டவரைப் பார்த்துக் கையசைத்து டாட்டா காட்டிவிட்டு மறைந்துபோவார். முதன்முதலில் அந்த வீடியோவைப் பார்த்தபோது வயிறு குலுங்கச் சிரித்தேன். மறுபடி பார்த்தபோது ஏனோ ரத்தத்தைவிட அந்தக் கையசைப்பு கொஞ்சம் தொந்தரவு செய்தது.

'நான்' எப்போது 'அவள்' ஆகிறது

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். இனி சில கேம்களின் கதை முடிச்சுகள் வெளியாகும். ஆட நினைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் விதிக்குள் நடக்கும் சாவு. நீங்கள் தப்பு செய்ததால் வந்தது, நன்றாக ஆடியிருந்தால் வந்திருக்காது. அதற்குத்தான் 'நான்' என்கிறோம். கதையே கொல்லும் சாவு வேறு. 1997இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7' மூன்று டிஸ்க் கொண்டது. முதல் டிஸ்க்கின் முடிவில், உங்களோடு ஆடிவந்த ஏரித் என்ற பெண்ணை வில்லன் வாளால் குத்திக் கொல்கிறான். அதுவரை போரில் அவள் எத்தனையோ முறை விழுந்திருப்பாள். பையிலிருக்கும் ஃபீனிக்ஸ் இறகை எடுத்துப் பயன்படுத்தினால் எழுந்துவிடுவாள். இப்போதும் பையில் இறகு இருக்கிறது. பயன்படுத்த வழியில்லை. அது என்ன நியாயம் என்று அந்தக் காலத்தில் ஆடியவர்கள் மல்லுக்கு நின்றார்கள். அவளைப் பிழைக்கவைக்கும் ரகசிய வழி இருக்கிறது என்று வதந்திகூடப் பரவியது. அப்போது யாரும் "நான் செத்துட்டேன்" என்று சொல்லவில்லை. "ஏரித் செத்துட்டா" என்றுதான் சொன்னார்கள். ஒரே கேமுக்குள் இரண்டு வகைச் சாவு, அவற்றுக்கு இரண்டு வகை வினைமுற்று.

சில கேம்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே கலக்கின்றன. 2007இன் 'கால் ஆஃப் டியூட்டி 4'இல் அணுகுண்டு வெடித்த பிறகு, சிதைந்த ஹெலிகாப்டரிலிருந்து ஒரு படைவீரனாகத் தவழ்ந்து வெளியே வருகிறீர்கள். பட்டன்கள் வேலை செய்கின்றன, அவன் நகர்கிறான். எங்கே போனால் தப்பலாம் என்று தேடுவீர்கள். தப்ப வழி வைக்கப்படவில்லை. சில அடிகள், அப்புறம் விழுகிறான். 2016இன் 'பேட்டில்ஃபீல்ட் 1' முதல் உலகப் போரில் தொடங்குகிறது. பிழைப்பீர்கள் என எதிர்பார்க்கப்படவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடும். செத்ததும் திரையில் அந்தச் சிப்பாயின் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு வரும். மறுபடி எழுந்தால் நீங்கள் வேறொரு சிப்பாய், வேறொரு இடத்தில். அவனும் விழுவான், அவனுக்கும் பெயர் வரும். கான்ட்ராவில் வானத்திலிருந்து அடுத்தடுத்துக் குதித்தவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு பெயர் இருந்திருந்தால் நாங்கள் முப்பது லைஃப் மந்திரத்தை அவ்வளவு சந்தோஷமாக அழுத்தியிருப்போமா என்று தெரியவில்லை.

அக்கா மகனுக்கு ஒருநாள் 'பாசேஜ்' என்ற கேமைப் போட்டுக் கொடுத்தேன். ஜேசன் ரோரர் என்பவர் 2007இல் செய்தது. மொத்தமே ஐந்து நிமிடம். திரை ஒரு நாடா மாதிரி: நூறு புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம். அதற்குள் ஒரு குட்டி இளைஞன். வலப்பக்கம் நடந்தால் புள்ளி ஏறும், புதையல் பெட்டி கிடைத்தாலும் ஏறும். தொடக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறாள். அவளைத் தொட்டால் கூட வருவாள். ஆனால் இரண்டு பேராகச் சேர்ந்து போனால் குறுகலான சந்துகளில் நுழைய முடியாது, அங்கே இருக்கும் பெட்டிகள் கிடைக்காது. நடக்க நடக்கத் தலை நரைக்கும், முடி உதிரும், நாடாவின் இடது ஓரத்தில் ஆரம்பித்த நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வலது ஓரத்துக்கு நகர்ந்திருப்பீர்கள். முன்னால் பார்க்க இடமில்லாமல் பின்னால்தான் நீளமாகத் தெரியும்.

அவன் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டான். பெட்டி கிடைக்கவில்லை என்று முதலில் சலித்துக்கொண்டான். நான்காவது நிமிடத்தில் அவள் இருந்த இடத்தில் ஒரு கல்லறை நின்றது. அவன் ஆள் கூனிப்போய், பாதி வேகத்தில்தான் நடந்தான். "பட்டன் ஒர்க் ஆகல மாமா" என்றான். ஒர்க் ஆகிறது, நடக்க முடியவில்லை என்றேன். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு கல்லறை வந்து, திரை நின்றது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். சமையலறையிலிருந்து அம்மா, "என்னடா, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள்.

"செத்துட்டாரு ஆச்சி" என்றான்.